சொல்லிட்டு வந்தியா?

தை பிறந்துவிட்டால் ஆச்சியின் பேச்சில் ஒரு சொல் வந்து ஏறிக்கொள்ளும்: செய்நேர்த்தி. "நாளையிலேருந்து செய்நேர்த்திக்குப் போவணும்ட்டி, வெள்ளன எழுப்பு" என்பாள் என்னிடம். எழுப்ப வேண்டியதே இருக்காது. மூன்று மணிக்கு அவளே எழுந்து, பழையதைத் தூக்குச்சட்டியில் போட்டு, இரண்டு உள்ளியும் ஒரு துண்டு கருவாடும் வைத்து மூடி, தெருவில் ஒவ்வொரு வாசலாக நின்று மற்றப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு இருட்டில் நடப்பாள்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகிற ரயிலில் வந்தால் குரும்பூர் வரைக்கும் வாழையும் வயலுமாகப் பச்சை. ஆறுமுகநேரியைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பினால் பச்சை முடிந்து வெள்ளை தொடங்கும். சதுரம் சதுரமாகப் பாத்திகள், நடுவில் வரப்பு, மேட்டில் உப்புக் குவியல். பகல் பத்து மணிக்கு மேல் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, கண் கூசிக் கண்ணீர் வழியும். அதனால்தான் உப்பள வேலை கோழி கூவும் முன்னாலேயே தொடங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். வரப்பு உடைந்திருக்கும். பாத்தியின் தரை ஊறிச் சேறாகிக் கிடக்கும். அந்தத் தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்து, வரப்பைக் கட்டி, தரையைக் காலால் மிதித்து மிதித்துத் தளம் போட்டதுபோல் இறுக்குகிற வேலைக்குத்தான் செய்நேர்த்தி என்று பெயர். அந்த நாட்களில் ஒரு கைப்பிடி உப்பு விளையாது. ஆனால் சித்திரையில் வாரப்போகிற உப்பு வெள்ளையா, மண் கலந்த பழுப்பா என்று முடிவு செய்வது அந்த மிதிதான்.

1974 பொங்கல் லீவில் ஆச்சியோடு நானும் போனேன். எனக்கு ஒன்பது வயது. பெண்கள் வரிசையாக நின்று, ஒருத்தி பாதம் பதித்த தடத்தை ஒட்டி அடுத்தவள் பாதம் பதித்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். நானும் இறங்கி நடந்தேன். ஆச்சி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "சும்மா நடந்துட்டுப் போவாத. குதிங்காலை ஊனி மிதி. இடைவெளி உட்டா அந்த எடம் தண்ணியக் குடிச்சிரும்" என்றாள். சேறு குளிர்ந்து கிடந்தது. அதற்குள் போன வருஷத்து ஜிப்சம் கண்ணாடிச் சில்லுபோல் ஒளிந்திருந்தது. காலில் தட்டுப்பட்டதையெல்லாம் ஆச்சி குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள்: "ஏ அக்கா, இந்தப் பாத்தியில நீயா உப்பு வாரப் போற? எந்தப் பாத்திக்கு யாரை உடுவாவளோ!"

"நானோ, இன்னொருத்தியோ. காலுன்னா எல்லாருக்கும் காலுதான" என்றாள் ஆச்சி.

இந்தப் பதிலை ஐம்பது வருஷம் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

*

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தண்ணீரைப் படிப்பாள். கடல் தண்ணீரின் அடர்த்தி போமே மானியில் சுமார் மூன்று டிகிரி. அது தெப்பத்தில் நின்று, வெயிலிலும் காற்றிலும் வற்றி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாறி, 25 டிகிரி வந்தால்தான் உப்பு உறையத் தொடங்கும். 29 தாண்டினால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். இதையெல்லாம் நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகு புத்தகத்தில் படித்தேன். ஆச்சியோ வரப்போரம் ஒதுங்குகிற நுரையைப் பார்ப்பாள், தண்ணீரில் லேசாகச் செம்மை தட்டுவதைப் பார்ப்பாள், விரலில் தொட்டுப் பிசுக்குப் பார்ப்பாள். "இன்னும் ரெண்டு நாள் கச்சான் அடிக்கட்டும்" என்பாள். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வறண்டு வீசுகிற அந்தக் கச்சான் காற்றுதான் எங்கள் அளத்துக்கு முதலாளி.

முதல் மழை இறங்குகிற நாளில் கணக்கப்பிள்ளை கணக்கை முடித்துக் கூலியைக் கொடுத்துவிடுவார். அதோடு சரி. அடுத்த தை வரைக்கும் வேலை இல்லை. அடுத்த தையிலும் உண்டு என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் ஐப்பசியில் ஆச்சியின் பாம்படம் அடகுக்கடைக்குப் போகும், சித்திரையில் திரும்பி வரும். ஒரு வருஷம் அது திரும்பி வரவே இல்லை. தொங்கிப்போன வெறுங்காதோடு அவள் கடைசி வரை இருந்தாள்.

கூலி வாங்கினதும் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆச்சி மட்டும் கொஞ்ச நேரம் நின்று, வாருபலகைகளை நல்ல தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து அடுக்குவாள். கழுவாமல் போட்டால் உப்பு ஏறி மரம் உளுத்துவிடும். அந்தப் பலகை அவளுடையதும் இல்லை, அந்த வேலைக்குக் கூலியும் இல்லை. பின்னாளில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலை, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய அந்தக் கதையைப் படித்தபோது, பக்கத்துக்குப் பக்கம் ஆச்சியின் தெருவைக் கண்டேன். உழைப்பவர்களுக்கு உப்பளம் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு குறைவு என்பதை அந்த நாவலை வாசித்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

*

அப்பா அளத்துக்குப் போகவில்லை. ஆச்சி விடவில்லை. 1950களின் இறுதியில் ஊருக்குப் பக்கத்திலேயே சாகுபுரம் உருவானது. குஜராத்தின் திராங்கதரா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய நிறுவனம் அங்கே காஸ்டிக் சோடா ஆலையைக் கட்டியது. 22 வயதில் அப்பா உள்ளே போனார், 58 வயதில், 1998-ல், மாலையோடு வெளியே வந்தார். நடுவில் அந்த ஒரே வாசல்தான்.

உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஹைட்ரஜனும் பிரியும். ஆச்சி தண்ணீரைப் போக்கி உப்பைக் கண்டாள். அவள் பிள்ளை அதே உப்பை மறுபடியும் தண்ணீரில் கரைக்கிற இடத்துக்குப் போனார். "அம்மை வெயில்ல காயவச்சத நான் நனைய வைக்கேன்" என்று அப்பா சொல்வார். அந்த ஒரு தலைமுறை இடைவெளியில் எங்கள் வீட்டில் எல்லாம் மாறியது. மாதம் பிறந்தால் சம்பளம், மழை பெய்தாலும் சம்பளம். 1952 சட்டத்தின்படி வருங்கால வைப்பு நிதி, 1972 சட்டத்தின்படி பணிக்கொடை, வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு. ஐப்பசியில் அடகுக்கடைக்குப் போகாத முதல் வீடு எங்கள் தெருவில் எங்களுடையதுதான்.

அதற்குப் பதிலாக அப்பா தன்னையே கொடுத்தார். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மூன்று வேளைகளாகத்தான் எங்கள் வீட்டில் நாள் புலர்ந்தது. சி ஷிப்ட் முடித்து அவர் பகலில் தூங்கும்போது நாங்கள் கிசுகிசுத்துப் பேசினோம். என் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை வீட்டாரை அனுப்பிவிட்டு ராத்திரி வேலைக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை. லீவு கையில் இருந்தது. "நம்மள நம்பி ஒரு பம்பு ஓடிக்கிட்டு இருக்கும்லா" என்றார்.

ஷிப்ட் முடிந்தும் அவர் உடனே வரமாட்டார். அரை மணி நேரம் தாமதமாகும். அம்மா ஒருநாள் சத்தம் போட்டபோது சொன்னார்: "அடுத்தாப்புல வாறவன்கிட்ட சொல்லிட்டு வரணும்லா. எந்த வால்வு ஒழுகுது, எந்த மோட்டார் சூடாவுது, ராத்திரி நான் என்னத்தத் தொட்டேன், என்னத்தத் தொடல, எல்லாம் சொல்லணும். புத்தகத்துல எழுதினா மட்டும் பத்தாது. ஆளு மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். சொல்லாம வந்தா அது வேலை செஞ்சதுல சேராது." நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும், கடைக்குப் போய் வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "சொல்லிட்டு வந்தியா?"

*

நான் 1990-ல் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை ஆனேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, பதிவு மூப்பில் வந்த வேலை. அரைக்காசு உத்தியோகம் என்றாலும் அரசாங்க உத்தியோகம் என்று நம்பிய காலம். உத்தரவு வந்த அன்று அப்பா அதைத் திருச்செந்தூர் முருகன் காலில் வைத்துக் கும்பிட்டுக் கொண்டுவந்தார். அந்தக் காகிதத்துக்குள் என் சாவு வரைக்கும் ஓய்வூதியம் இருந்தது. நான் வேலையை நேசித்தேன், அது உண்மை. ஆனால் நேசிக்க முடிகிற அளவுக்கு அந்த வேலை என்னைத் தாங்கியது என்பதும் உண்மை. இரண்டாவதை நான் நெடுங்காலம் கணக்கில் எடுக்கவே இல்லை.

2004 வாக்கில் எங்கள் பள்ளிக்கு ஓர் இளம் ஆசிரியை தொகுப்பூதியத்தில் வந்தார். அதே மணி, அதே வகுப்பு, அதே சுண்ணக்கட்டி. சம்பளம் மட்டும் என்னுடையதில் ஒரு துண்டு. 2006 ஜூனில் அவர்களையெல்லாம் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்புத் திட்டம்தான் என்பது அன்றைய விதி. அந்தப் பெண் கொஞ்ச நாளில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வளைகுடாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மையே இல்லை." அவர் காதில் விழும்படிதான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. போகிற நாளில், தன் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் எழுத்தையும் ஒட்டிய ஒரு நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்து அந்த வகுப்பை எடுக்கப்போவது நான்தான் என்று அவருக்குத் தெரியும். நான் அதைப் புரட்டினேன், பயன்படுத்தினேன், நன்றிகூடச் சொல்லவில்லை. இன்றைக்கு என் மனதைக் குத்துகிற விஷயங்களில் அதுவும் ஒன்று.

*

என் மகள் பொறியியல் முடித்து 2016-ல் சென்னைக்குப் போனாள். மென்பொருள் வேலை. முதல் கம்பெனியில் மூன்று வருஷம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து இன்னொன்று. ஒவ்வொரு முறை மாறும்போதும் எங்கள் வீட்டில் ஒரு துக்கம் விழுந்ததுபோல் இருக்கும். "ஒரு இடத்துல வேரு பிடிக்கமாட்டேங்காளே" என்று நான் அழுதிருக்கிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு பாதி மாதம் ஊரிலிருந்தே வேலை செய்தாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அவள் வீட்டில்தான் இருந்தாள். அந்த மழையை எங்கள் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். பக்கத்திலிருக்கிற காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கரண்டு இல்லை. அப்பாவைக் கட்டிலோடு தூக்கி மேல்மாடியில் வைத்தோம். அளத்துத் தட்டுமேட்டில் குவித்து ஓலை மூடியிருந்த உப்பெல்லாம் வந்த வழியே கடலுக்குப் போனது.

அந்த ராத்திரி மகள் குடையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்று, கைபேசியில் சாகிற நிலைமையில் இருந்த சார்ஜை வைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். "வீடு முங்குது, உனக்கு அந்தக் கம்பெனிதான் பெருசாப் போச்சா?" அவள் நிமிராமல் சொன்னாள்: "என் ப்ராஜெக்ட்ல ஒரு பையன் இன்னிக்கு நைட் தனியா இருக்காம்மா. நான் வரமாட்டேன்னும், எது பாதில நிக்குன்னும் அவனுக்குத் தெரியணும்." சொல்லி முடிக்கும்போது சார்ஜ் போய்விட்டது. செய்தி போனதா என்று தெரியாமல் அவள் தவித்த தவிப்பை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, 2024 ஜூனில், அந்த வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் வேலை வந்துகொண்டே இருந்தது என்றும், கூட இருந்த பத்துப் பேரை ஒரு காலையில் மின்னஞ்சல் அனுப்பி நீக்கினார்கள் என்றும் சொன்னாள். எனக்கு மனசு ஆறவில்லை. அதற்கு முந்தின அக்டோபரில் இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, நாட்டின் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னதைப் பேப்பரில் படித்து, சரியாகத்தானே சொல்கிறார் என்று நினைத்தவள் நான். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "உன் பூட்டி மூணு மணிக்கு எந்திச்சி அளத்துக்குப் போனா. உன் தாத்தா 36 வருஷம் ஒரே எடத்துல இருந்தாவ. நான் 34 வருஷமா இருக்கேன். உனக்கு மட்டும் ஏன் உடம்பு வணங்கமாட்டேங்கு? ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பாத்தா என்ன கொறைஞ்சிரும்?"

மகள் வாயைத் திறக்கும் முன்னால் அப்பா பேசினார். அவருக்கு 84 வயது. காது மந்தம், எங்கள் சண்டை கேட்டிருக்காது என்று நினைத்திருந்தோம்.

"ஞாயித்துக்கிழமை லீவு என்ன சும்மாவா வந்தது?" என்றார். "தூத்துக்குடி கோரல் மில்லுல 1908-ல வேலைநிறுத்தம் பண்ணினாவள்ல, எதுக்கு? கூலி ஒசத்தணும், வாரத்துல ஒரு நாள் லீவு வேணும்னுதான. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால நின்னாவ. அதுக்குள்ள நீ அத எடுத்துக் கொடுத்துட்டா எப்படி?"

பிப்ரவரி 27-ல் தொடங்கிய அந்த வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் வென்றது. மார்ச் 12-ல் இரண்டு தலைவர்களையும் வெள்ளைக்கார அரசு கைது செய்தது. நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு வ.உ.சி. என்றால் கப்பல் என்று சொல்லிக்கொடுத்தவள். அவர் பெற்றுத்தந்த ஞாயிற்றுக்கிழமையை என் மகளிடமிருந்து பறிக்கப் பார்த்திருக்கிறேன்.

*

அப்பா அதோடு விடவில்லை. மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஏ தாயி, வேலைய உட்டது இருக்கட்டும். சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லாம எப்படி தாத்தா? ரெண்டு மாசம் முன்னாலயே எழுதிக் கொடுத்தேன். கே.டி. குடுத்து முடிச்சிட்டுத்தான் வந்தேன்."

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. ஆறுமுகநேரியில் கே.டி. என்றால் ஒரே ஆள்தான், இந்த மண்ணில் பிறந்து, மணிமுத்தாறு அணைக்காகப் பாடுபட்டு, திருச்செந்தூர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த கே.டி. கோசல்ராம். "கோசல்ராம் அண்ணாச்சியா?" என்று கேட்டார்.

மகள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். தான் பார்த்த வேலையை, தனக்குப் பிறகு பார்க்கப்போகிறவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பதற்கு அவர்கள் ஆபீசில் அப்படிப் பேர். இந்த இடத்தில் இந்தப் பிழை வரும், வந்தால் இப்படிச் சரிசெய்ய வேண்டும். இதை நான் அவசரத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பிரித்து ஒழுங்காகச் செய்யுங்கள். இந்த வாடிக்கையாளருக்குக் காலையில் பேசினால் பிடிக்காது. இப்படி ஒவ்வொன்றாக எழுதி, புதிதாக வந்த பெண்ணோடு உட்கார்ந்து, அவள் தானாகச் செய்கிற வரைக்கும் கூடவே இருந்துவிட்டு வந்திருக்கிறாள். விட்டுப் போகிற வேலைக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "அந்தக் கம்பெனிக்காக இல்லம்மா. அந்தப் பிள்ளை மாட்டிக்கிடும்ல" என்றாள்.

அப்பா ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னவோ பயந்துட்ட. சொல்லிட்டுத்தான வந்திருக்கா" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தின சேறு காலடியில் குளிர்ந்தது. காலுன்னா எல்லாருக்கும் காலுதான.

இவ்வளவு காலமும் உழைப்பை நான் தப்பான கோலால் அளந்துவந்திருக்கிறேன் என்று தோன்றியது. எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை வருஷம் ஒரே இடத்தில் இருந்தார் என்று அளந்தேன். ஒரு வேலையில் நிலைத்து நிற்பது ஆளின் குணம் மட்டும் இல்லை, அந்த வேலை என்ன வாக்குக் கொடுத்தது என்பதையும் பொறுத்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சலாபத்தில் முத்துச்சிப்பி எடுக்க மூழ்கியவருக்கு, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு சொந்தம். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை, அவர்கள் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். அவர்களை யாரும் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு ஆலை 36 வருஷத்துச் சோற்றை வாக்களித்தது, அவர் 36 வருஷத்தைக் கொடுத்தார். எனக்கு அரசு ஓய்வூதியத்தை வாக்களித்தது, நான் இருந்தேன். ஒரு மின்னஞ்சலில் முடிந்துபோகிற வேலைக்கு என் மகள் எதை வைத்து வேர் பிடிப்பாள்? தனக்குத் தெரிந்த தொழிலில்தான் அவள் வேர் பிடிக்க முடியும். அங்கே அவள் ஆழமாகத்தான் ஊன்றியிருக்கிறாள். அதைப் பார்க்க எனக்குத்தான் தெரியவில்லை.

ஆச்சிக்கோ எந்த வாக்கும் இல்லை. அப்படியிருந்தும் அவள் சில்லைப் பொறுக்கினாள், பலகையைக் கழுவினாள். அது எதிலிருந்து வந்தது? அந்த இடத்தில் அடுத்து நிற்கப்போகிற பெண்ணின் பாதத்தை அவள் நினைத்தாள். அப்பா ஒழுகுகிற வால்வைச் சொன்னது அடுத்த ஷிப்டுக்காரரின் கையை நினைத்து. மொட்டைமாடியில் மழையில் நின்ற என் மகள் தனியாக இருந்த ஒரு பையனை நினைத்தாள். எங்கள் வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை வேலை மாறியது, நேரம் மாறியது, கூலி மாறியது. மாறாமல் நின்றது இது ஒன்றுதான். ஒருவர் வேலையை எப்படி விட்டுவிட்டு வருகிறார் என்பதில்தான் அவர் எப்படி உழைத்தார் என்பதும் தெரிகிறது.

ஆச்சியின் உழைப்பை இதற்காக நான் பூசை செய்யவும் விரும்பவில்லை. அவள் பாதத்து வெடிப்புகளில் வேப்பெண்ணெய் தடவியவள் நான். அந்தப் பாடு இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் அவளே தன் பிள்ளையை அளத்துக்கு அனுப்பவில்லை. இப்போது மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆச்சி காலத்தில் அது இருந்திருந்தால் அவள் காது வெறுங்காது ஆகியிருக்காது. "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று தொடங்கி இளையவர்களை மட்டம் தட்டுகிற ஒவ்வொருவரும், அந்தக் காலத்தில் பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன விரும்பினார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

*

மகள் இப்போது வேறோர் இடத்தில் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கணினியைத் திறப்பதில்லை. தாத்தாவோடு போனில் பேசுகிறாள்.

நான் 2025 மே மாதத்தோடு ஓய்வு பெற்றேன். கடைசி இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதினேன். எனக்குப் பிறகு என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் வரப்போகிறார்கள் என்று தெரியாது. வளைகுடாவுக்குப் போன அந்த ஆசிரியை என் மேசையில் வைத்துவிட்டுப் போன நோட்டைத் தேடி எடுத்து, அதே மாதிரி பிள்ளைக்கு ஒரு பக்கமாகப் பிரித்தேன். முன்பெஞ்சில் உட்காருகிற பெண்ணைப் பின்னால் மாற்றாதீர்கள், அவளுக்குக் கரும்பலகை தெரியாது, வெட்கப்பட்டுச் சொல்லமாட்டாள். ஜன்னலோரத்துப் பையன் கணக்கை மனதிலேயே போட்டுவிடுவான், எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், முதலில் வாயால் சொல்லட்டும்.

கடைசிப் பக்கத்தை ஒரு பையனுக்காக வைத்திருந்தேன். அவன் அம்மா உப்பளத்துக்குப் போகிறாள். மூன்று மணிக்கு அவள் கிளம்பும்போதே இவனும் விழித்துக்கொள்கிறான், தங்கையைப் பார்த்துக்கொள்கிறான். பள்ளியில் காலை உணவு சாப்பிட்டதும் அவனுக்குக் கண் சொக்கும். முதல் பீரியடில் அவன் மேசையில் தலை வைத்துத் தூங்கினால் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், எழுப்ப வேண்டாம், அதன்பிறகு அவன் நன்றாகப் படிப்பான் என்று எழுதி, நோட்டை மேசை மேல் கண்ணில் படும்படி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது திண்ணையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"சொல்லிட்டு வந்தியா?"